கர்ப்பிணியின் ரத்தச் சீட்டு

சென்ற மாதம் ஆத்தூருக்குப் போய்விட்டுச் செம்பட்டியில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். நமக்குப் பழக்கமான வாலிபர் ஒருவர் அங்கே வந்து சேர்ந்தார். பொதுக் காரியங்களில் முன்னிற்பவர். ஊராட்சிக் கணக்கிலிருந்து சர்க்கார் வரவு செலவுத் திட்டம் வரையில் எதைக் கொடுத்தாலும், எந்தத் தொகை எந்தத் தலைப்பின் கீழ் பதுங்கியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டக்கூடியவர். அப்படிப்பட்டவர் அன்றைய தினம் நான்காக மடித்த ஒரு காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டி, "ஐயா, இதில் ஒன்றும் விளங்கவில்லை. ஆறு இடத்தில் நட்சத்திரம் போட்டிருக்கிறான். பயமாயிருக்கிறது" என்றார். அவருடைய மனைவிக்கு ஏழாவது மாதம். காகிதம் அவளுடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு.

"அவளிடம் காட்டினாயா, தம்பி?" என்று கேட்டோம். காட்டவில்லையாம். பயந்துகொள்வாள் என்று மறைத்துவிட்டாராம். வீட்டிலுள்ள பெரியவர்களோ, இரும்பு மாத்திரை தின்றால் பிள்ளை கறுத்துப் பிறக்கும், பருத்துப் போய்ப் பிரசவம் கஷ்டமாகும் என்று சொல்லி மாத்திரையையும் நிறுத்திவிட்டார்களாம். ரத்தம் அவளுடையது, கர்ப்பம் அவளுடையது, சீட்டு மட்டும் புருஷனுடைய சட்டைப் பையில். இந்த விந்தை ஆத்தூர்ப் பிரதேசத்துக்கு மாத்திரம் சொந்தமானதன்று. நம்மில் படித்தவர், பத்திரிகை வாசிப்பவர், மேடையேறிப் பேசுபவர் அனைவர் வீட்டிலும் நடப்பதுதான். ஆகவே அந்தச் சீட்டை வாசகர் முன்பும் விரித்து வைப்பது தகும் என்று நினைத்தோம்.

முதலில் அந்த நட்சத்திரங்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்க வேண்டும். பரிசோதனைக் கூடத்தின் யந்திரம் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு மேலெல்லையையும் ஒரு கீழெல்லையையும் அச்சிடுகிறது. எண் அந்த எல்லையைத் தாண்டினால் நட்சத்திரம் விழுகிறது. ஆனால் அந்த எல்லைகள் யாருடையவை? பெரும்பாலும் கர்ப்பமில்லாத, ஆரோக்கியமான வயது வந்தவர்களின் ரத்தத்தைக் கொண்டு வகுக்கப்பட்டவை. ஏழு மாதக் கர்ப்பிணியின் ரத்தத்தை அந்தக் கோலால் அளப்பது, ஐப்பசி மாதத்தில் ஓடும் ஆற்றைச் சித்திரை மாத அளவுகோலைக் கொண்டு அளந்துவிட்டு, வெள்ளம் வந்துவிட்டதென்று தமுக்கடிப்பதற்கு ஒப்பாகும்.

கர்ப்பம் தரித்த சில வாரங்களிலேயே ஸ்திரீயின் உடலில் ரத்தத்தின் அளவு பெருகத் தொடங்குகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி நூற்றுக்கு நாற்பது ஐம்பது பங்கு அதிகரிக்கிறது. சிவப்பணுக்களும் அதிகரிக்கின்றன, ஆனால் நூற்றுக்கு இருபது முப்பது பங்குதான். ஆத்தூர் நீர்த்தேக்கத்தில் புது வெள்ளம் வந்து சேர்ந்தால் மீன்களின் எண்ணிக்கை குறைந்துவிடுவதில்லை; ஆனால் ஒரு குடம் மொண்டு பார்த்தால் அதில் அகப்படும் மீன் குறைவாகவே இருக்கும். அதைப் போலவே, கர்ப்பிணியின் உடலில் மொத்தச் சிவப்பணுக்கள் முன்னைவிட அதிகமாயிருந்தும், ஒரு சொட்டில் அவை குறைந்து காணப்படுகின்றன. நடு மாதங்களில் இது மிகவும் தாழ்ந்து, பிறகு சற்றே ஏறும். இயற்கை வேண்டுமென்றே செய்யும் ஏற்பாடு இது. நஞ்சுக்கொடிக்குள் ரத்தம் தடையின்றிப் பாயவும், பிரசவத்தில் அரை லிட்டர் வரையில் போகக்கூடிய ரத்தத்தைத் தாய் தாங்கிக்கொள்ளவும் இந்தச் சேமிப்பு உதவுகிறது.

அப்படியானால் ஹீமோகுளோபின் எவ்வளவு குறைந்தாலும் இயற்கைதான் என்று கையைக் கட்டிக்கொண்டிருக்கலாமா? கூடாது. உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்துள்ள கணக்கின்படி, கர்ப்பிணிக்கு 100 மில்லி ரத்தத்தில் 11 கிராமுக்குக் குறைந்தால் அது ரத்தசோகை. 10 முதல் 10.9 வரை லேசானது; 7 முதல் 9.9 வரை நடுத்தரம். 7-க்குக் கீழே கடுமை. கடுமையான சோகையுள்ளவள் பிரசவத்தின்போது, மற்றொருத்தி எளிதில் தாங்கிக்கொள்ளும் ரத்தப்போக்கையும் தாங்கமாட்டாமல் உயிர்துறக்க நேரிடும். நமது வாலிபரின் மனைவிக்கு 10.2. லேசான சோகைதான். ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்ட வீட்டில் 10.2 என்பது பிரசவ காலத்தில் 9 ஆகவோ 8 ஆகவோ ஆகிவிடத் தடையேதுமில்லை.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று எண்ண வேண்டாம். 2019-21-ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கும், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேருக்கும் ரத்தசோகை. கர்ப்பிணிகளுக்கு இரும்பு மாத்திரை வழங்கும் தேசியத் திட்டம் 1970-இல் ஆரம்பமாயிற்று. ஐம்பது வருஷம் மாத்திரை கொடுத்த பிறகும் பாதிப் பேர் சோகையுடன் இருக்கிறார்களென்றால், குறை மாத்திரையிலா, மாத்திரை போய்ச் சேரும் வீட்டிலா, அந்த வீட்டின் சாப்பாட்டிலா என்று தேசத் தொண்டர்கள் விசாரிக்க வேண்டாமா?

சோகை என்று சொல்லிவிட்டால் போதாது. எந்தச் சோகை என்று கேட்க வேண்டும். சீட்டில் எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். சிவப்பணு ஒவ்வொன்றும் சராசரி எவ்வளவு பருமன் என்பதை அது சொல்கிறது. 80 முதல் 100 வரை சாதாரணம். இரும்பு போதாதபோது அணுக்கள் சிறுத்துவிடும். போலிக் அமிலமோ பி12 என்னும் உயிர்ச்சத்தோ போதாதபோது பருத்துவிடும். இந்த ஒரு வரிக்குப் பின்னால் நம் நாட்டுச் சரித்திரம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

1928-ஆம் வருஷம் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில வைத்தியப் பெண்மணி பம்பாய்க்கு வந்தார். அங்கே ஏழைக் கர்ப்பிணிகள், முக்கியமாகப் பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள், ஒரு கொடிய சோகையால் மடிந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய சிவப்பணுக்கள் சிறுத்திருக்கவில்லை, பருத்திருந்தன. இரும்பு கொடுத்துப் பயனில்லை. ஏதேனும் கிருமியால் வருகிறதோ என்று தேடினார், கிருமி அகப்படவில்லை. அந்த அம்மையார் செய்தது என்ன? அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். கீரையும் பழமும் பாலும் மாமிசமும் எட்டாத, கூலிக்கேற்ற சாப்பாடு. அதைப் போன்ற உணவையே எலிகளுக்கும், பின்னர் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். குரங்குகளுக்கும் அதே சோகை வந்தது. 'மார்மைட்' என்று சீமையில் ரொட்டியில் தடவித் தின்னும் மலிவான ஒரு கறுப்புக் குழம்பைக் கொடுத்ததும் அவை தேறின. பீர் வடிக்கும் சாலைகளில் எஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கப்படுவது அது. மதுவிலக்கு அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அதில் போதை ஒன்றுமில்லை. பிறகு அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931-இல் இதை உலகுக்கு வெளியிட்டார்.

இந்த ஆராய்ச்சி பம்பாயோடு நின்றதன்று. 1929-இல் சில மாதங்கள் நமது நீலகிரியில், குன்னூர்ப் பாஸ்டர் ஆராய்ச்சிசாலையில் அந்த அம்மையார் வேலை செய்தார். 1931-இல் சென்னைத் திருவல்லிக்கேணியிலுள்ள கோஷா ஆஸ்பத்திரியிலும் ஆராய்ந்தார். 1885-இல் ஏற்பட்டு இன்று கஸ்தூரிபா காந்தியின் பெயரைத் தாங்கி நிற்கும் ஆஸ்பத்திரி அதுதான். அக்காலத்தில் வெள்ளைக்கார சர்க்கார் நம் தாய்மாரின் மரணத்துக்குக் காரணமாக எடுத்துக் காட்டியவை நமது வழக்கங்கள், நமது அறியாமை, நமது மருத்துவச்சிகள். அவற்றிலும் உண்மை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் லூசி வில்ஸ் குழாயில் எடுத்த ரத்தம் வேறொன்றையும் சொல்லிற்று. கூலி போதாது, சாப்பாடு போதாது என்று சொல்லிற்று. இந்தச் சாட்சியம் ஓர் ஆங்கிலப் பெண்மணியின் கையால் பதிவானது நமக்கு வியப்பளிக்கவில்லை, உண்மைக்குத் தேசமில்லை.

அந்தக் கறுப்புக் குழம்பில் இருந்த சத்து எது என்பது பத்தாண்டுகள் வரையில் தெரியாமலிருந்தது. 1941-இல் அமெரிக்காவில் ஒருவகைப் பசலைக்கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக் கொண்டு அதற்குப் போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். அதை ரசாயன முறையில் செய்து காட்டியது அமெரிக்காவில் லெடர்லி ஆராய்ச்சிசாலையில், 1945-இல். அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் யார்? பீமவரத்தில் பிறந்து, நம் சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பராவ்!

சுப்பராவின் கதையை வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். காந்தியடிகள் அந்நியத் துணியைப் பகிஷ்கரிக்கச் சொன்னபோது, இந்த மாணவர் சத்திர சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி உடுத்திச் சென்றார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சையில் நன்றாகத் தேறியும், எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். என்னும் சிறிய சான்றே கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கடல் கடந்து போனார். 1948-இல், ஐம்பத்து மூன்று வயதில், அங்கேயே காலமானார். இன்று இந்தியாவில் ஒவ்வொரு கர்ப்பிணியும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் அரை மில்லிகிராம் போலிக் அமிலமும் இருக்கின்றன. கதர் உடுத்தியதற்காகப் பட்டம் மறுக்கப்பட்டவரின் உழைப்பு அந்த அரை மில்லிகிராமில் இருக்கிறது. அதைத்தான் பிள்ளை கறுத்துவிடும் என்று நாம் குப்பையில் எறிகிறோம்.

நிற்க. நமது வாலிபரின் சீட்டில் எம்.சி.வி. 74. ஆகவே அணுக்கள் சிறுத்திருக்கின்றன. இரும்புக் குறையே பிரதானமாயிருக்கலாம். 'பெர்ரிடின்' என்னும் சோதனை செய்தால் உடலில் இரும்பு இருப்பு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். சில குடும்பங்களில் பரம்பரையாக வரும் தாலசீமியாக் கூறு இருந்தாலும் அணுக்கள் சிறுத்திருக்கும். அங்கே இரும்பை மேலும் மேலும் கொடுத்துப் பயனில்லை. ஆகையால் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒரு மாதத்தில் எண் ஏறாவிட்டால், வைத்தியரிடம் அந்தச் சோதனையைக் கேட்க வேண்டும். கணவனுக்கும் அதே கூறு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அணுக்கள் பருத்திருந்தாலோ, குடும்பம் பால் மோர்கூட அதிகம் சேர்க்காத சைவக் குடும்பமாயிருந்தாலோ, பி12 குறைவைத் தேட வேண்டும். அக்குறையிருக்கும்போது போலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறினாற்போல் காட்டும்; நரம்புகள் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

மாத்திரையைப் பற்றி இன்னும் சில வார்த்தைகள். ஒரு கர்ப்ப காலம் முழுவதற்கும் ஸ்திரீயின் உடல் கேட்கும் இரும்பு ஏறக்குறைய ஒரு கிராம். திண்டுக்கல் பூட்டு ஒன்றின் சாவியில் அதைவிடப் பல மடங்கு இரும்பு இருக்கிறது! ஆயினும் அந்த ஒரு கிராமைச் சாப்பாட்டிலிருந்து மட்டும் சேர்ப்பது எளிதன்று. உண்ணும் இரும்பில் சிறு பங்கே ரத்தத்தில் சேருகிறது. ஆகவேதான் மூன்று மாதம் கழிந்ததும் தினம் ஒன்றாக 180 நாள், பிள்ளை பெற்ற பின்பு மற்றுமோர் 180 நாள் மாத்திரை உண்ண வேண்டுமென்று விதித்திருக்கிறார்கள். காப்பி, டீயுடன் சாப்பிட்டால் இரும்பு சேராது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டாலும் அப்படியே. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். எலுமிச்சம் பழச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாகச் சேரும். மலம் கறுத்துப் போகும். அது மாத்திரையின் நிறம். குழந்தையின் நிறத்துக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. முருங்கைக் கீரை நல்லதுதான். அது மாத்திரைக்குத் துணை, மாத்திரைக்குப் பதிலன்று. வயிற்றுக்கு ஒவ்வாதவர்களுக்கும், பிரசவம் நெருங்கியும் எண் மிகத் தாழ்ந்திருப்பவர்களுக்கும் நரம்பு வழியாக இரும்பு ஏற்றும் மருந்துகள் இப்போது வந்திருக்கின்றன.

சீட்டில் எஞ்சிய நான்கு நட்சத்திரங்களைப் பார்ப்போம். வெள்ளையணு 13,400. சாதாரண மனிதனுக்கு இது ஏதோ ஒரு தொற்றின் அடையாளம். கர்ப்பிணிக்கு ஜுரம் முதலியன இல்லாதபோது இயற்கை. ஈ.எஸ்.ஆர். 52. கர்ப்ப காலத்தில் அது தானே ஏறும். அந்தச் சோதனையைச் செய்ததே வீண் செலவு என்பது நமது அபிப்பிராயம். ஆல்கலைன் பாஸ்படேஸ் அதிகம். ஈரல் கெட்டுவிட்டதோ என்று வாலிபர் நடுங்கினார். நஞ்சுக்கொடியும் அந்தப் பொருளைச் சுரக்கிறது. கடைசி மாதங்களில் அது ஏறுவது சகஜம். தட்டணுக்கள் 1,38,000. ஒன்றரை லட்சம் இருக்க வேண்டுமென்று அச்சிட்டிருக்கிறது. வேறு உபத்திரவமின்றிக் கடைசி மாதங்களில் ஒரு லட்சத்துக்கு மேல் இப்படிச் சற்றுக் குறைந்திருப்பது பலருக்கும் உண்டு. பிரசவத்துக்குப் பின் தானே சரியாகிவிடும். ஆனால் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினாலோ, அதனுடன் ரத்த அழுத்தம் ஏறி, நீரில் புரதம் கண்டு, தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி தோன்றினாலோ, அப்போது சீட்டைப் படித்துக்கொண்டிருக்க நேரமில்லை. அந்த க்ஷணமே ஆஸ்பத்திரி சேர்க்க வேண்டும்.

எதிரிடையான விபரீதமும் ஒன்றுண்டு. 'கிரியாட்டினின்' என்னும் எண் கர்ப்பிணிக்குத் தாழ்ந்திருக்க வேண்டும். சிறுநீரகங்கள் அதிகமாக உழைப்பதே காரணம். மற்றவர்களுக்குச் சாதாரணமென்று அச்சிட்ட எல்லைக்குள் 1.0 என்று வந்தால் நட்சத்திரம் விழாது. ஆனால் தேர்ந்த வைத்தியர் புருவத்தை உயர்த்துவார். யந்திரம் பயமுறுத்துவதும் பொய்யாகலாம். அபயம் கொடுப்பதும் பொய்யாகலாம்.

நமது வாலிபரின் சீட்டில் நடந்ததும் இதுவே. ஆறு நட்சத்திரங்களையும் பார்த்துப் பயந்தவர், நட்சத்திரமில்லாத இரண்டு வரிகளைத் தாண்டிப் போய்விட்டார். அவற்றில் ஒன்று, குளுகோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை 146. மற்றொன்று, ரத்த இனம் 'ஓ நெகட்டிவ்'. அவசரமாகக் கவனிக்க வேண்டியவை இவ்விரண்டுந்தான்.

சர்க்கரையை முதலில் எடுத்துக்கொள்வோம். கர்ப்பகால நீரிழிவு தாய்க்கு யாதொரு வேதனையும் தராது. குழந்தை அளவுக்கு மீறிப் பருத்துப் பிரசவம் சிக்கலாகும். பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். தாய்க்கும் குழந்தைக்கும் பிற்காலத்தில் நீரிழிவு தொடரும். இதைக் கண்டுபிடிக்கும் வழியை எளிதாக்கியதில் சென்னை வைத்தியர் வி. சேஷய்யாவுக்குப் பெரும் பங்குண்டு. வெறும் வயிற்றோடு வா, பல தடவை ரத்தம் கொடு என்று சொன்னால், கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஏழைக் கர்ப்பிணி மறுமுறை வரமாட்டாள். ஆகையால், சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுகோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி கழித்து ஒரே தடவை ரத்தம் பார்ப்பது. 140 அல்லது அதற்கு மேலிருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்வது. தேச சர்க்காரும் இம்முறையையே ஏற்றுக்கொண்டது. நம் பெண்களின் நடையையும் பசியையும் உத்தேசித்து வகுத்த முறை இது. ஆனால் நமது வாலிபர் போன பரிசோதனைக் கூடம் 200 வரை எல்லாம் சரியென்று அச்சிட்டிருந்தது. 146 நட்சத்திரமின்றித் தப்பிவிட்டது. இத்தகையவர்களுக்கு முதலில் சாப்பாட்டு ஒழுங்கும் நடையும். இரண்டு வாரத்தில் சாப்பாட்டுக்குப் பின் 120-க்குள் வராவிட்டால்தான் மருந்து. முதல் தடவை பார்க்கும்போது சரியாயிருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும்.

இனி அந்த 'நெகட்டிவ்'. அது குறையுமன்று, நோயுமன்று. 1940-இல் லாண்ட்ஸ்டெய்னரும் வீனரும் கண்டறிந்த ஆர்.எச். என்னும் கூறு நம்மில் பெரும்பாலோரின் சிவப்பணுக்களில் உண்டு. நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இல்லை. இல்லாத தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தை வளர்ந்தால், பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தத் துளிகள் தாயின் ரத்தத்தில் கலந்து, தாயின் உடல் அவற்றை அந்நியமென்று கருதி எதிர்ப்புப் பொருளை உண்டாக்கிக்கொள்ளும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த குழந்தையை அந்த எதிர்ப்புத் தாக்கும். மஞ்சட்காமாலையும் சோகையும் நீர்க்கோவையும் வந்து கருவிலேயே மடிவதும் உண்டு. முதல் பிள்ளை நன்றாய்ப் பிறந்து, பின் பிறந்தவை ஒன்றன்பின் ஒன்றாய்ப் போன வீடுகளைப் பற்றி எத்தனை பழி, எத்தனை தோஷம் சொன்னோம்! மருமகளின் ராசி என்று எத்தனை பேரைத் தள்ளி வைத்தோம்! ஆர்.எச். எதிர்ப்பு ஊசி 1968-இலேயே வழக்கத்துக்கு வந்துவிட்டது. 28-ஆம் வாரத்தில் ஒன்று. குழந்தை 'பாஸிட்டிவ்' என்று தெரிந்தால் பிரசவமான 72 மணிக்குள் மற்றொன்று. கரு கலைந்து போனாலும் போட்டாக வேண்டும். எதிர்ப்பு உண்டாகிவிட்ட பிறகு இந்த ஊசி பயன்படாது. அதனால்தான் அதற்கு முன்பு 'கூம்ப்ஸ்' என்னும் சோதனை செய்கிறார்கள்.

ஆத்தூரைப் பற்றி எழுதும்போது ஒரு பெயரை விட முடியாது. இளம் வயதில் விதவையாகி, டில்லியில் வைத்தியம் படித்து 1936-இல் தேறி, காந்தியடிகளின் இயக்கத்தில் ஈடுபட்ட டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன், 1947-இல் சின்னாளபட்டிக்கருகே காந்திகிராமத்தைத் தம் கணவர் ஜி. ராமச்சந்திரனுடன் சேர்ந்து நிறுவினார். ஒரு சிறு மருத்துவ நிலையமாக ஆரம்பித்ததே இன்றைய கஸ்தூரிபா ஆஸ்பத்திரி. 1952-இல் ஆத்தூர்த் தொகுதியின் பிரதிநிதியாகச் சட்டசபைக்கும் சென்றார். 1959-இல் காந்திகிராமத்தில் தொடங்கிய முன்னோடிச் சுகாதாரத் திட்டம் ஆத்தூர் வட்டாரத்தையே தன் களமாகக் கொண்டது. குடும்ப நல ஆராய்ச்சியாளர்களிடையே ஆத்தூர் என்ற பெயர் தூர தேசங்களிலும் அறியப்படலாயிற்று. இத்தகைய ஊரில், வீட்டுக்கருகே தாய்சேய் ஆஸ்பத்திரியும் ஆரம்ப சுகாதார நிலையமும் இருக்க, ஒரு சீட்டு பையில் கிடந்து கசங்குவதென்றால் என்ன சொல்வது!

ஆண்களுக்கென்றே இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. அதைக் கூசாமல் சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணியின் ரத்தத்தில் மேக நோய்க்கு ஒரு சோதனையும், எச்.ஐ.வி.க்கு ஒன்றும், கல்லீரல் அழற்சி 'பி'க்கு ஒன்றும் செய்கிறார்கள். இவற்றில் ஏதேனும் இருப்பதாக வந்தால், உடனே மனைவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் புருஷர்கள் உண்டு. பெரும்பாலும் அந்த நோய் அவள் வாசலைத் தாண்டி எங்கிருந்து வந்தது என்பதை அவர்கள் தங்கள் நெஞ்சையே கேட்டுக்கொள்ளலாம். மேக நோய்க்குப் பெனிசிலின் ஊசி கைகண்ட மருந்து. ஆனால் கணவனும் போட்டுக்கொள்ளாவிட்டால் நோய் திரும்பிவிடும். எச்.ஐ.வி. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவது, மருந்தில்லாதபோது நூற்றுக்கு 15 முதல் 45 வரை. ஒழுங்காக மருந்துண்டால் நூற்றுக்கு 5-க்கும் கீழே குறைந்துவிடுகிறது. கல்லீரல் அழற்சியுள்ள தாயின் குழந்தைக்குப் பிறந்த 24 மணிக்குள் தடுப்பூசி போட வேண்டும். 2017-ஆம் வருஷச் சட்டப்படி, ஒருவரின் சம்மதமில்லாமல் எச்.ஐ.வி. சோதனை செய்யலாகாது, முடிவையும் பிறரிடம் வெளியிடலாகாது. 'பிறர்' என்பதில் பொதுவாகக் கணவனும் அடக்கம் என்பதைச் சட்டம் படித்த நண்பர்கள்கூட மறந்துவிடுகிறார்கள்.

தொண்டர்களுக்கு இதில் செய்யத்தக்க வேலை என்ன என்று சிலர் கேட்கக்கூடும். மேடை வேண்டாம், கொடி வேண்டாம். தங்கள் தெருவில் கர்ப்பிணிகள் யார் யார், கிராம சுகாதாரச் செவிலியிடம் பதிந்துகொண்டார்களா, 'நெகட்டிவ்' இனம் யாருக்கு, பிரசவ காலத்தில் ரத்தம் வேண்டுமானால் கொடுப்பவர் யார் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கலாம். வாக்காளர் பட்டியலைத் தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமா?

பஸ் வந்துவிட்டது. வாலிபரிடம் மூன்று விஷயங்கள் கூறினோம். சீட்டை மனைவியிடம் கொடுத்து, இங்கே சொன்னதையெல்லாம் அவளிடமும் சொல்ல வேண்டும். நின்றுபோன மாத்திரையை அன்றிரவே மீண்டும் தொடங்க வேண்டும். மறுநாளே இருவரும் சேர்ந்து வைத்தியரிடம் போக வேண்டும். "அது சரி, உன் ரத்த இனம் என்ன, தம்பி?" என்று கேட்டதற்கு விழித்தார். முப்பது வயதாகியும் பார்த்துக்கொண்டதில்லையாம். கணவனும் 'நெகட்டிவ்' என்றால் குழந்தையும் அப்படியே இருக்கும், ஊசிக்கே அவசியமிராது. ஆகவே அதையும் பார்த்துவிடச் சொன்னோம்.

ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அவர் 'ஓ பாஸிட்டிவ்'. கூம்ப்ஸ் சோதனையில் எதிர்ப்பு ஒன்றும் காணவில்லை. 28-ஆம் வாரத்திலேயே ஊசி போட்டாயிற்று. பிரசவமானதும் குழந்தையின் ரத்த இனத்தைக் கேட்டு வாங்க வேண்டும், 72 மணிக்குள் இரண்டாவது ஊசி என்று அவருடைய மனைவியே சீட்டின் பின்புறத்தில் எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாளாம்.